கருவியாகக் கொண்ட மொழி: யூதத் தொழிலாளர் இயக்கமும் யித்திஷ் வெளியீடுகளும்

இலக்கிய வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் எழுத்தாளரிலிருந்தே தொடங்குவர். நூல்கள், அவற்றை ஆக்கியோர், அவர்தம் காலம் என்ற வரிசையிலேயே வரலாறு அமைவது வழக்கமாகிவிட்டது. ஆயின், சில மொழிகளைப் பொறுத்தவரை எழுத்தாளர் நிலைபெறுவதற்கு வாசகர் கூட்டம் ஒன்று முன்னதாக உருவாக்கப்படவேண்டியிருந்தது. கிழக்கு ஐரோப்பிய யூத மக்களின் தாய்மொழியாகிய யித்திஷ் அத்தகையது. அதன் வாசகரை உருவாக்கியதிற் பெரும்பங்கு தொழிலாளர் இயக்கத்தின் பத்திரிகைகளுக்கும் துண்டுப்பிரசுரங்களுக்கும் மலிவுப் பதிப்புகளுக்கும் உரியது.

இப்பங்கினை மதிப்பிடுவதில் இருவேறு நோக்குகள் நிலவி வந்துள்ளன. ஒன்று, தொழிலாளர் பத்திரிகைகளில் வெளிவந்தவை பிரசாரமே. இலக்கியம் அவற்றினின்றும் விடுபட்ட பின்னரே பிறந்தது என்பது. நியூயோர்க்கின் 'இளைஞர்' குழுக் கவிஞருள் ஒருவரான ஸிஷே லாண்டவ் 1919இல் தாம் தொகுத்த கவிதைத் திரட்டிலே, முன்னைய தலைமுறையினரின் கவிதை தொழிலாளர் இயக்கத்தின் எதுகைப் பிரிவாகவே இருந்தது என்ற கருத்தை ஏளனத் தொனியில் முன்வைத்தார். மற்றையது, அப்பத்திரிகைகளில் வந்தவையெல்லாம் வர்க்க உணர்வின் வெளிப்பாடு என்பதாற் சிறந்தவை என்பது. இவ்விரு நோக்குகளும் எழுத்தினை மட்டுமே கருதி, வெளியீடு என்ற செயலைக் கருத்திற் கொள்ளாதவை. இயக்கம் ஒரு மொழியைக் கருவியாக எடுத்தபொழுது அம்மொழிக்கு யாது நேர்ந்தது, கருவியை எடுத்த கைக்கு யாது நேர்ந்தது என்பனவே முதன்மையான வினாக்களாகும்.

இழிவழக்கு எனப்பட்ட மொழி

யித்திஷ் ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்த மொழி. எபிரேய, அரமேய, சிலாவியச் சொற்கள் பல அதனுட் கலந்துள்ளன. எழுதப்படுவது எபிரேய எழுத்தில். 1897ஆம் ஆண்டு ரஷ்யப் பேரரசில் எடுக்கப்பட்ட குடிசன மதிப்பீட்டின்படி அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 50 இலட்சம் யூதருள் நூற்றுக்குத் 97 பேர் இதனையே தாய்மொழி எனக் குறித்தனர். எனினும் மொழிக்கு மதிப்பு இருக்கவில்லை. வேதத்துக்கும் வழிபாட்டுக்கும் புலமைக்கும் எபிரேயம். அரசுக்கும் உயர்கல்விக்கும் ரஷ்யன். வீட்டுக்கும் சந்தைக்கும் யித்திஷ் என்பதே நிலைமை. கற்றோர் அதனை 'ஷார்கோன்', அதாவது இலக்கணமற்ற கொச்சை, என்றே அழைத்தனர்.

இத்தகைய மொழியில் எழுத முன்வந்த மென்டெலே மொய்கெர் ஸ்போரிம் தமது முதல் யித்திஷ் கதையினை 1864இல் ஒடெஸாவில் வெளிவந்த பத்திரிகையொன்றிற் புனைபெயர் பூண்டே வெளியிட்டார் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. மறுபுறம், பணிப்பெண்களும் கைவினைஞரும் விரும்பி வாசித்த மலிவான காதற் கதைகள் பெருகின. 1888இல் ஷோலெம் அலைக்கெம், அத்தகைய கதைகளை எழுதிக் குவித்த ஷோமெர் என்பாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது போன்றதொரு கண்டன நூலை எழுதினார். தரமான எழுத்தாளர் சிலர் தோன்றிவிட்டனர். வாசிக்கும் மக்களும் இருந்தனர். இவ்விரு சாராரையும் இணைக்கும் நிறுவனமே இல்லாதிருந்தது.

இதற்கு வாய்ப்பாக ஒரு சமூக உண்மை அமைந்திருந்தது. யூத ஆண்பிள்ளைகள் பெரும்பாலோர் சமயப் பள்ளியில் எபிரேய எழுத்துகளைக் கற்றனர். பெண்களுட் பலர் வீட்டிலிருந்து கற்றனர். எபிரேய மொழியின் பொருள் விளங்காதவரும் அவ்வெழுத்துகளைக் கூட்டி வாசிக்க வல்லவராயிருந்தனர். ஆகவே, அவர்கள் பேசும் மொழி அதே எழுத்தில் அச்சாகி வந்தால் வாசிப்பதற்குப் புதிய கல்வி வேண்டியதில்லை. வழிபாட்டுக்காகப் புகட்டப்பட்ட எழுத்தறிவு, வேலைநிறுத்தத் துண்டுப்பிரசுரத்தை வாசிக்கப் பயன்பட்டது.

இயக்கம் மொழியைத் தெரிந்தமை

யூத சோஷலிஸ்டுகள் யித்திஷைத் தெரிந்தது மொழிப்பற்றினால் அன்று. ஆரோன் லீபர்மன் 1877இல் வியன்னாவில் வெளியிட்ட முதல் யூத சோஷலிசப் பத்திரிகை எபிரேய மொழியிலேயே அமைந்தது. அதன் பெயர் 'உண்மை'. உண்மையை அறியவேண்டியிருந்த தையற்காரருக்கு அதன் மொழி எட்டாதிருந்தது. மூன்று இதழ்களுடன் அது நின்றுபோயிற்று. இலண்டனின் கிழக்குப் பகுதியிற் குடியேறிய தொழிலாளருக்காக மொரிஸ் வின்செவ்ஸ்கி 1884இல் யித்திஷ் ஏடொன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு 'ஆர்பெட்டர் ஃப்ரைண்ட்' என்னும் 'தொழிலாளர் நண்பன்' தோன்றியது. பிற்காலத்தில் அவ்வேட்டின் ஆசிரியப் பொறுப்பை ஏற்ற ருடோல்ஃப் ரொக்கர் யூதரே அல்லர். ஜெர்மானியக் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த அவர், தொழிலாளருடன் உறவாடுவதற்காகவே யித்திஷ் கற்று அதில் எழுதத் தொடங்கினார்.

ரஷ்யப் பேரரசிலும் இதுவே நடந்தது. 1890களின் தொடக்கத்தில் வில்னா நகரத்துப் புரட்சிகரக் குழுக்கள் தொழிலாளர் சிலரைத் தெரிந்து அவர்களுக்கு ரஷ்ய மொழியையும் அறிவியலையும் அரசியற் பொருளாதாரத்தையும் கற்பித்தன. கற்றவர் தம் வர்க்கத்தினின்றும் விலகிப் புத்திஜீவிகளாயினர். எஞ்சியோர் அறியாமையிலேயே இருந்தனர். இக்குறையை உணர்ந்த அர்க்காடி க்ரெமெர், பரந்துபட்ட தொழிலாளரிடம் அவர்தம் அன்றாடக் கோரிக்கைகளின் வழியே செல்லவேண்டும் என வற்புறுத்தும் சிறுநூலை எழுதினார். மக்கள் மொழியை நாடுவதற்கு வழிகோலிய அந்நூல் ரஷ்ய மொழியிலேயே எழுதப்பட்டது என்பது அக்காலப் புத்திஜீவிகளின் நிலையைத் தெளிவாகக் காட்டும்.

இதன் விளைவாக 1895இல் வில்னாவில் 'ஷார்கோன் குழு' ஒன்று அமைக்கப்பட்டது. யித்திஷ் நூல்களைத் தொழிலாளரிடையே பரப்புவதும், நல்ல நூல்கள் எழுதப்படுவதை ஊக்குவிப்பதும் அதன் பணி. இழித்துரைக்கப்பட்ட பெயரையே குழு தனக்குச் சூட்டிக்கொண்டது. 1897 ஒக்ரோபரில் 13 பேர் வில்னாவில் மறைவாகக் கூடி 'புந்த்' எனப்படும் யூதத் தொழிலாளர் பொதுச் சங்கத்தை நிறுவினர். அதற்குச் சில வாரங்களின் முன்னர் தலைமறைவாக அச்சிடப்படத் தொடங்கிய 'ஆர்பெட்டர் ஷ்டிமெ' அதன் ஏடாயிற்று. 1898இல் பொலிஸார் பொப்ருய்ஸ்க் நகரிலே அச்சகத்தைக் கைப்பற்றினர். ஆயினும் ஏடு மீண்டும் வெளிவந்தது. வெளிநாடுகளில் அச்சான பிரசுரங்கள் எல்லை கடந்து கள்ளமாகக் கொண்டுவரப்பட்டன. கொச்சை எனப்பட்ட மொழியில் அச்சான ஒரு தாளுக்காக ஒருவர் சைபீரியா செல்லவும் துணியும்பொழுது, அம்மொழி இனியும் கொச்சையாக இருத்தல் இயலாது. மொழியின் மதிப்பு இலக்கண நூலால் உயர்ந்ததிலும் பார்க்க, இத்தகைய ஆபத்தினால் உயர்ந்ததே அதிகம் எனலாம்.

பத்திரிகையிற் பிறந்த இலக்கியம்

இயக்கத்தின் வெளியீடுகளில் வந்த ஆக்கங்கள் அனைத்தும் ஒரே தரத்தன அல்ல. டேவிட் எடெல்ஸ்டாட் 1866இற் பிறந்து, நியூயோர்க்கின் அராஜகவாத ஏடாகிய 'ஃப்ரையெ ஆர்பெட்டர் ஷ்டிமெ'யின் ஆசிரியராகச் சிறிது காலம் பணியாற்றி, 26ஆம் வயதிற் காசநோயால் இறந்தவர். அவரது பாடல்கள் கூட்டங்களிலும் வேலைத்தலங்களிலும் பாடப்பட்டவை. அவை அழைப்புகள், விழித்தெழச் சொல்வன, பாடுவோர் ஒன்றுகூடி நிற்கும் வரையில் அவற்றுக்கு வலிமை உண்டு. தனியே இருந்து வாசிப்பவருக்கு அவ்வலிமையில் ஒரு பகுதியே எட்டும்.

மொரிஸ் ரோசன்பெல்ட் இவரினின்றும் வேறுபடுகிறார். தையற்கூடங்களில் உழைத்த அவரது கவிதைகளுட் பெரிதும் அறியப்பட்ட ஒன்று தந்தையொருவன் தன் சிறு மகனைப் பற்றிக் கூறுவது. விடியுமுன் வேலைக்குச் செல்லும் தந்தை இரவில் வீடு திரும்பும்பொழுது குழந்தை உறங்கிவிடுகிறது. தன் பிள்ளையை விழித்த நிலையிற் காண்பதே அவனுக்கு அரிதாகிறது. இங்கு முதலாளி இல்லை, கொடி இல்லை, அறைகூவலும் இல்லை. வேலைநேரம் என்ற பொருளியற் பிரச்சினை ஒரு கட்டிலின் அருகே வந்து நிற்கிறது. எட்டு மணிநேர வேலை கோரும் தீர்மானம் எதுவும் சொல்லவியலாததை இக்கவிதை சொல்லிவிடுகிறது. 1898இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆசிரியர் லியோ வீனர் இவர் கவிதைகளை ஆங்கில உரைநடையிற் பெயர்த்து வெளியிட்டபொழுது, யித்திஷில் கவிதை உண்டு என்பதையே அதுவரை அறியாத ஓர் உலகம் அதனைக் கண்டுகொண்டது. ஒரு தையற்காரரின் கவிதை இவ்வாறு உருவாக வாய்ப்பளித்தது தொழிலாளர் பத்திரிகை என்பதை லாண்டவின் ஏளனம் மறைத்துவிடுகிறது.

உரைநடையிற் பெரெட்ஸ் எழுதிய 'மௌனி பொன்ஷெ' பற்றிய சிறுகதை விதந்து கூறத்தக்கது. பொன்ஷெ ஒரு சுமைகூலி. பிறந்தது முதல் இறந்தது வரை அவன் துன்பமே கண்டான், யாரையும் நோகவில்லை, கடவுளையும் குறைகூறவில்லை. இறந்தபின் விண்ணுலகம் அவனை விழாவெடுத்து வரவேற்கிறது. அங்குள்ளது யாவும் உனதே, வேண்டியதைக் கேள் என்கிறது நீதிமன்றம். அவன் தயங்கித் தயங்கிக் கேட்பது, நாள்தோறும் காலையில் வெண்ணெய் தடவிய சூடான ரொட்டி ஒன்று. நீதிபதியும் தேவதூதரும் வெட்கித் தலைகுனிகின்றனர், எதிர்வழக்குரைப்பவன் சிரிக்கிறான்.

பணிவின் பெருமையைப் போற்றும் பக்திக் கதையாக இதனை வாசிப்போர் உளர். தொழிலாளர் வட்டங்களோ இதனைக் குற்றப்பத்திரிகையாகவே வாசித்தன. கேட்கத் தெரியாதவனுக்கு விண்ணுலகமும் பயனற்றது. மௌனம் ஒரு மனிதனின் ஆசையையே சுருக்கிவிடுகிறது என்பதே அவ்வாசிப்பு. கதையின் இறுதியில் ஒலிக்கும் சிரிப்பை முதல் வாசிப்பு விளக்கமாட்டாது. இரண்டாவது வாசிப்பு விளக்கும். எனவே இயக்கத்தின் வாசகர் கதையைத் தமக்கேற்பத் திரித்தனர் எனல் பொருந்தாது. அவர்கள் அதனைச் சரிவர வாசித்தனர் என்பதே பொருந்தும். பெரெட்ஸ் கட்சிக்காரர் அல்லர். பிற்காலத்திற் புரட்சியாளரின் கையில் இலக்கியம் யாதாகுமோ என ஐயுற்றவருங்கூட. எனினும் பண்டிகை நாள்களை ஒட்டி அவர் வெளியிட்ட 'பண்டிகை இதழ்'களைத் தொழிலாளர் கைக்குக் கை மாற்றிப் படித்தனர். சோஷலிசக் கூட்டமொன்றிற் கலந்துகொண்டமைக்காக 1899இல் அவர் சிறையும் புகுந்தார். எழுத்தாளர், வாசகர், இயக்கம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று முற்றாக ஏற்காமலே ஒன்றையொன்று வளர்த்த நிலை இது.

லாண்டவ் முதலிய 'இளைஞர்'களின் கிளர்ச்சியும் இப்பகைப்புலத்திலேயே நோக்கற்பாலது. 1907 அளவில் நியூயோர்க்கில் எழுந்த இக்குழுவினர் கவிதையைக் கொள்கையினின்றும் விடுவிக்க முனைந்தனர். தனிமனித உணர்வு, மெல்லிய ஓசை, அகத்தின் அமைதி ஆகியன அவர்கள் நாடியவை. ஆயின் அவர்களுள் மானி லெய்ப் செருப்புத் தைப்பவர். லாண்டவ் வீடுகளுக்கு வர்ணம் பூசுபவர். பின்னர் அவர்களுடன் சேர்ந்த லெய்விக் சுவர்த்தாள் ஒட்டுபவர். முந்திய தலைமுறை தொழிலாளரைப் பற்றி எழுதியது. இவர்கள் தொழிலாளராக இருந்துகொண்டே வேறொன்றைப் பற்றி எழுதும் உரிமையைக் கோரினர். உழைப்பவனுக்கு உழைப்பைத் தவிர வேறு பேச்சு இருக்கலாகாது என்பதும் ஒருவகை அடிமைத்தனமே. அவ்வகையில் இக்கிளர்ச்சி இயக்கத்தின் மறுப்பாகத் தோன்றினும் உண்மையில் அதன் விளைவேயாகும்.

நியூயோர்க்கும் வில்னாவும்

1897ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு சந்தி. அவ்வாண்டு ஏப்ரிலில் நியூயோர்க்கில் 'ஃபோர்வர்ட்ஸ்' நாளிதழ் தோன்றியது. ஒக்ரோபரில் வில்னாவில் புந்த் பிறந்தது. இரண்டும் சோஷலிசம் பேசின. இரண்டும் யித்திஷில் பேசின. ஆயினும் மொழிபற்றிய அவற்றின் போக்குகள் வேறாயின.

'ஃபோர்வர்ட்ஸ்' பத்திரிகையை 1903 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் ஆண்டவர் ஆபிரகாம் கஹான். வாசகர் பேசும் மொழியிலேயே பத்திரிகை பேசவேண்டும் என்பது அவரது உறுதியான கொள்கை. அக்காலப் பத்திரிகைகளில் மலிந்திருந்த ஜெர்மன் கலந்த செயற்கை நடையை அவர் விலக்கினார். தொழிலாளர் வாயிற் புழங்கிய ஆங்கிலச் சொற்களைத் தயக்கமின்றி ஏற்றார். 1906இல் தொடங்கிய 'கடிதக் கட்டு' என்னும் பகுதியில் கணவனாற் கைவிடப்பட்ட மனைவி, கருங்காலியாக வேலைக்குச் சென்றதற்காக வருந்துபவன், சமயப்பற்றுள்ள பெற்றோருக்கும் தன் கொள்கைக்கும் இடையே தவிப்பவன் எனப் பலரும் எழுதினர். எழுத்தாளர் அல்லாதவர் எழுத்தில் தம்மைக் கண்ட இடம் அது. 1920களின் உச்ச நிலையிற் பத்திரிகை நாளொன்றுக்கு 275,000 பிரதிகள் வரை விற்பனையாயிற்று. அதன் வருவாய் வேலைநிறுத்தங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் உதவிற்று; எழுத்தாளர் பலருக்குச் சோறிட்டது. 1978இல் நோபல் பரிசு பெற்ற ஐசாக் பஷெவிஸ் சிங்கரின் ஆக்கங்களும் இதில் தொடராக வந்தவையே.

எனினும் கஹானுக்கு யித்திஷ் ஒரு பாலம். குடியேறியவரை அமெரிக்க வாழ்வுக்குக் கொண்டுசேர்ப்பது அதன் பயன். அவரே தமது முக்கிய நாவலை 1917இல் ஆங்கிலத்தில் எழுதினார். பாலத்தைக் கடந்தவர் திரும்பிப் பார்ப்பதில்லை. 1924ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் புதிய வாசகரின் வரவைத் தடுத்தது. வந்தவரின் பிள்ளைகள் ஆங்கிலப் பாடசாலை சென்றனர். பத்திரிகை தன் பணியைச் செவ்வனே செய்தது. செய்த அளவுக்குத் தன் வாசகரையும் இழந்தது. அதே ஆசிரியரின் அதிகாரம் எழுத்தாளரையும் நெருக்கிற்று. 1930களின் இறுதியில் இயேசுவைப் பற்றிய ஷோலெம் ஆஷின் நாவலைக் கஹான் வெளியிட மறுத்ததும், அவரைக் கடுமையாகத் தாக்கியதும் வாசகரை உருவாக்கிய நிறுவனமே வாசகருக்குக் காவலாளியாகவும் மாறக்கூடும் என்பதற்குச் சான்று.

புந்த் இயக்கத்திலோ கருவி மெல்ல மெல்ல உரிமையாயிற்று. தொடக்கத்தில் அதன் தலைவர்களுட் பலருக்கு யித்திஷ் சரளமாக வராது. கிறிஸ்தவ முறைப்படி ரஷ்ய மொழியில் வளர்க்கப்பட்ட விளாடிமிர் மெடெம் வளர்ந்தபின்னரே அதைக் கற்றார். ஆயினும் தொழிலாளரிடம் சென்றவர் அவர்களின் மொழியோடு திரும்பினர். 1908இல் செர்னோவிட்ஸில் நடந்த மொழி மாநாட்டில் புந்தைச் சேர்ந்த எஸ்தெர் ஃப்ரும்கின், யித்திஷையே யூத மக்களின் ஒரே தேசிய மொழியாகப் பிரகடனஞ் செய்ய வேண்டும் என வாதாடினார். மாநாடு அதனை ஒரு தேசிய மொழி என்ற அளவில் ஏற்றது. பதினெட்டு ஆண்டுகளின் முன்னர் இம்மொழியிற் பேசுவதற்கே கூசியவர்களின் வழிவந்தோர் அதன் முதன்மைக்காக வாதாடினர். வில்னாவில் புந்த் ஆதரவாளரான பொரிஸ் க்ளெட்ஸ்கின் நிறுவிய பதிப்பகம் தரமான இலக்கியத்தைத் தரமான அச்சில் தந்தது. போலந்தில் 1921 முதல் யித்திஷ் மொழிவழிப் பாடசாலைகளும், அவற்றுக்கான பாடநூல்களும், நூலகங்களும் எழுந்தன. வில்னாவில் 1925இல் 'யிவோ' ஆய்வு நிறுவனம் அமைந்தது.

இங்கும் நிறைவு மட்டுமே இருந்தது எனல் தவறு. 1930களிற் போலந்து யூதப் பிள்ளைகளுட் பெரும்பாலோர் அரசின் போலிஷ் மொழிப் பாடசாலைகளிலேயே பயின்றனர். தொழிலும் உயர்கல்வியும் வேறு மொழியில் இருக்கும்வரை, பற்றுறுதி மட்டும் ஒரு மொழியைக் காப்பது அரிது. ஆயினும் மொழியை உரிமையாகக் கொண்டவர் அதற்கு நிறுவனங்களைக் கட்டினர். பாலமாகக் கொண்டவர் கட்டவில்லை. இவ்வேறுபாடு முக்கியமானது.

சோவியத் நாட்டில் மூன்றாவதொரு போக்குக் காணப்பட்டது. அங்கு அரசே யித்திஷ் நூல்களையும் பத்திரிகைகளையும் பாடசாலைகளையும் நடத்திற்று. எபிரேயச் சொற்களின் மரபு எழுத்துக்கூட்டலும் மாற்றப்பட்டது. கருவி எனும் கொள்கை அதன் எல்லையை அடைந்த இடம் இது. கருவியை எடுத்த கையே அதனை வீசியும் எறியலாம். 'எமெஸ்' நாளிதழ் 1938இல் மூடப்பட்டது. லீபர்மனின் பத்திரிகையைப் போலவே அதன் பெயரும் 'உண்மை'. 1948இல் அதே பெயருடைய பதிப்பகமும் மூடப்பட்டது. 1952 ஓகஸ்ட் 12ஆந் திகதி பெரெட்ஸ் மார்க்கிஷ், டேவிட் பெர்கெல்ஸன், லெய்ப் க்விட்கோ முதலிய எழுத்தாளர் உள்ளிட்ட 13 பேர் மொஸ்கோவிற் சுட்டுக்கொல்லப்பட்டனர்.

இறுதிச் சோதனை

இயக்கம் உருவாக்கிய வாசகர் எத்தகையோர் என்பதற்கு வில்னாச் சேரி சான்றாகும். ஜெர்மானியப் படையினர் 1941இல் யூதரை அடைத்துவைத்த அச்சேரியில் நூலகமொன்று இயங்கிற்று. அதனை நடத்திய ஹெர்மன் க்ருக் புந்த் இயக்கத்தவர்; வார்சோவில் தொழிலாளர் நூலகமொன்றில் முன்னர் பணிபுரிந்தவர். 1942 டிசெம்பரில் அந்நூலகம் தன் 100,000ஆவது இரவலைக் கொண்டாடிற்று. அவ்வேளையில் வில்னா யூதருட் பெரும்பாலோர் நகருக்கு வெளியே பொனார் காட்டிற் கொல்லப்பட்டுவிட்டனர். எஞ்சியோர் எத்தகைய நூல்களை நாடினர் என க்ருக் அறிக்கை எழுதினார். அவர்கள் பெரிதும் விரும்பியவை கதைகளும் நாவல்களுமே. இதனைக் குறைவாக அவர் மறைக்கவில்லை, காரணம் ஆராய்ந்தார். மரணத்தின் வாயிலிலும் வாசகரை மதித்து ஆராய்ந்த அந்நோக்கு, ஷார்கோன் குழு விதைத்த வித்தின் விளைவேயாகும். அவர் யித்திஷில் எழுதிவந்த நாட்குறிப்பின் கடைசிப் பக்கங்களை 1944 செப்டெம்பரில் எஸ்தோனியாவின் லாகெடி முகாமில் மண்ணிற் புதைத்தார், மறுநாட் கொல்லப்பட்டார். அதற்கு மறுநாள் செம்படை அங்கு வந்தது. யிவோ நிறுவனம் 1961இல் அந்நாட்குறிப்பை நூலாக வெளியிட்டது.

ஆகவே, புந்தின் மொழி தோற்றது எனக் கூறுதல் வரலாற்றுக்கு இழைக்கும் அநீதி. அது தன் குறைகளால் தேய்ந்து மறைவதற்கோ தன் வலிமையால் நிலைப்பதற்கோ காலம் விடப்படவில்லை, பேசுவோர் கொல்லப்பட்டனர். நியூயோர்க்கில் அது கொல்லப்படவில்லை, மெல்லக் கைவிடப்பட்டது. 'ஃபோர்வர்ட்ஸ்' 1983இல் வார இதழாயிற்று. 2019இல் அதன் யித்திஷ் அச்சுப் பதிப்பு நின்றது. இன்று யித்திஷை வீட்டிலும் தெருவிலும் பிள்ளைகளுக்குப் பேசிக் கொடுப்போர் பெரும்பாலும் புரூக்ளினிலும் ஜெரூசலேமிலும் வாழும் ஹசிடிக் சமயத்தவரே. இயக்கம் எதிர்த்துநின்ற சமய வாழ்வே மொழியைப் பேணுகிறது. இயக்கம் தந்த இலக்கியத்தையோ அவர்களுட் பெரும்பாலோர் நாடுவதில்லை.

இம்முரண் இயக்கத்தின் பணியைச் சிறுமைப்படுத்தாது. அதன் தன்மையைத் தெளிவாக்கும். மொழியைப் பேணுதல் வேறு. மொழியில் வாசகரை உருவாக்குதல் வேறு. தொழிலாளர் இயக்கம் செய்தது பின்னையது. கேட்கத் தெரியாத பொன்ஷெக்களுக்கு அது முதலிற் கேட்கும் சொல்லைக் கொடுத்தது. சொல் கிடைத்தபின் அவர்கள் ரொட்டியை மட்டும் கேட்கவில்லை, கவிதையையும் கேட்டனர். கருவி என எடுத்ததைக் கருவியாகவே வைத்திருக்க இயலாமற்போனமை இயக்கத்தின் தவறு அன்று; அதன் மிகச் சிறந்த சாதனை.